கூடு அடைய மறுக்கும் கோழி: செள் உபத்திரவமும் இரை வேளையின் பயனும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ள கனகம்மாசத்திரத்தைச் சுற்றிய கிராமங்களில், நெல், கரும்பு, நிலக்கடலை ஆகிய பயிர்களோடு நாட்டுக் கோழிகளையும் வளர்த்துவரும் வீடுகள் பல உண்டு. இக்கோழிகளுக்கென்று பெருமுதல் எதுவும் போடப்படுவதில்லை. களத்தில் சிந்திய தானியம், குப்பைமேட்டுப் புழு பூச்சி, அடுக்களையில் மீந்த சோறு, அந்தி வேளையில் ஒரு பிடி நொய் ஆகியவற்றைக் கொண்டே அவை வளர்கின்றன. முட்டையும் குஞ்சும் விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் கையில் தங்குகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், அவசர காலத்தில் டாக்டரிடம் செல்லும் பஸ் சத்தத்திற்கும் அதுவே உதவுகிறது. ஆகவே ஒரு பெட்டை கெட்டால் அது அற்ப நஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கின்படி, இந்தியாவில் வீட்டுப் புறக்கடையில் வளர்க்கப்படும் கோழியினங்கள் 31 கோடியே 70 லட்சத்திற்கு மேற்பட்டவை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது ஏறக்குறைய நூற்றுக்கு 46 அதிகம். பெரும் பண்ணைகளுக்கு டாக்டரும் மேற்பார்வையாளரும் உண்டு. புறக்கடைக் கோழிக்கோ அதை வளர்ப்பவரின் கண்ணே டாக்டர். அந்தக் கண் எதை, எப்பொழுது பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

திமிரா, உபத்திரவமா?

பொழுது சாயும் வேளையில் மற்றக் கோழிகள் கூட்டருகே வந்து நிற்க, ஒன்றிரண்டு மட்டும் முருங்கை மரத்திலோ மாட்டுக் கொட்டகை விட்டத்திலோ ஏறி உட்கார்ந்துகொள்வதைப் பலரும் கண்டிருப்பார்கள். வீட்டார் இதைத் திமிர் என்றும் பழக்கக்கேடு என்றும் எண்ணி, கல்லெறிந்து இறக்குகிறார்கள். அல்லது ஒரு பிடி அரிசியைக் கூட்டினுள் இறைத்து ஆசைகாட்டி அடைக்கிறார்கள். மறுநாளும் இதே பாடு. ஒருநாள் அலுத்துப்போய் மரத்திலேயே விட்டுவிட, அன்றிரவே காட்டுப்பூனையோ மரநாயோ அதைக் கொண்டுபோய்விடுகிறது.

கூட்டைப் பகலில் பார்ப்பவரைக் காட்டிலும், இரவில் அதில் தங்கும் கோழிக்கே அதன் நிலைமை நன்கு தெரியும். நேற்றுவரை ஒழுங்காகக் கூடு அடைந்த கோழி இன்று மறுக்குமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கோழியை அல்ல, கூட்டையே. கூட்டின் இடுக்குகளில் செள் பெருகியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. பாம்போ எலியோ நுழைந்தாலும் கோழி கூட்டிற்கு அஞ்சும். அதுவும் சோதித்து அறியத்தக்கதே.

செள்ளின் வகைகள்

திருத்தணித் தாலுகா 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதியன்று சித்தூர் ஜில்லாவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி. தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் இங்கே கலந்து வாழ்கின்றனர். எம்மொழி பேசும் வீடாயினும், கோழி மேல் ஊரும் யாவற்றையும் பேன் என்றே ஒரு பெயரால் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு ஜந்துவின் வாசஸ்தலமும் வேறு. ஆகையால் அதை ஒழிக்கும் முறையும் வேறு.

பேனுக்கு ஆறு கால்கள்; அது இறகையும் தோலின் பொருக்கையும் தின்று எப்பொழுதும் கோழியின் மேலேயே வசிக்கும்; தன் ஈரை இறகின் அடியில் ஒட்டிவைக்கும். செள்ளுக்கு வளர்ந்த பருவத்தில் எட்டுக் கால்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவினது. செள்ளில் குடியானவர் முக்கியமாக அறிய வேண்டியவை மூன்று. வசதிக்காக அவற்றைக் கூட்டுச்செள், உடற்செள், கால்செள் என்று குறிப்போம்.

கூட்டுச்செள் பகலில் கோழியின் மேல் இராது. சுவரின் வெடிப்பு, பலகையின் பொருத்து, கூடையின் பின்னல், கோழி உட்காரும் கழியின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் கூட்டமாக ஒளிந்திருந்து, இருட்டியபின் வெளிவந்து, அரைமணி அல்லது ஒருமணி நேரம் இரத்தம் குடித்து மீண்டும் ஒளிந்துகொள்ளும். பசித்திருக்கையில் சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் தோன்றும். 1778-ஆம் ஆண்டிலேயே சாஸ்திரிகள் இதற்குப் பெயரிட்டு வருணித்துள்ளனர். இன்றளவும் உலகெங்கும் கோழிப் பண்ணைகளுக்கு இது தொல்லையாகவே இருந்துவருகிறது. வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். குளிர்ந்த நிழலில் எட்டு மாதம் வரையில்கூட இரத்தமின்றி உயிர் தாங்கும். ஆகவே கூட்டை ஒரு மாதம் காலியாக விட்டால் செள் தானே செத்துவிடும் என்று நம்புவது தவறு.

உடற்செள் கோழியின் மேலேயே பெரும்பாலும் வசிக்கும். எருவாயைச் சுற்றியுள்ள மெல்லிறகுகளில் கருத்த அழுக்குப் போலவும், மிளகுத்தூள் தூவியது போலவும் காணப்படும். வெப்ப நாடுகளில் காணப்படும் ஒரு வகை, அடைகாக்கும் கூடையிலும் குருவிக் கூடுகளிலும் பெருகும். கால்செள் கண்ணுக்குத் தெரியாது. காலின் செதில்களுக்கு அடியில் துளைத்துச் சென்று அங்கேயே பெருகும். செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தடித்து, நாளடைவில் கோழி நொண்டும்.

இவற்றோடு கோழி உண்ணியையும் சேர்த்து எண்ண வேண்டும். இதுவும் கூட்டுச்செள்ளைப் போலவே பகலில் சுவரில் ஒளிந்து இரவில் கடிப்பது. ஆனால் அளவில் பெரியது, தட்டையானது, வருஷக்கணக்கில் பட்டினி தாங்கவல்லது. ஸ்பைரோகீட்டு ஜுரம் என்னும் கொடிய வியாதியைக் கோழிக்குக் கோழி பரப்புவதும் இதுவே. கூட்டைச் சுத்தி செய்யும் முறைகள் இதற்கும் பயன்படும். ஆயினும் கோழிகள் ஜுரங்கண்டு பச்சை நிறமாய்க் கழிந்தால் தாமதியாமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நஷ்டம் எவ்வாறு நேரிடுகிறது?

ஒரு செள் குடிக்கும் இரத்தம் ஒரு துளியில் சிறு பங்குதான். ஆனால் ஆயிரக்கணக்கில் இரவுதோறும் குடிக்கும்பொழுது, கொண்டை வெளுத்து, எடை குன்றி, முட்டை குறைகிறது. இளங்குஞ்சுகள் சோகை கண்டு ஒரே வாரத்தில் மடிவதும் உண்டு.

அடைக்கோழியின் நஷ்டமே மிகப் பெரிது. ஒரு பெட்டை 12 முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முட்டை பொரிய 21 நாட்கள் வேண்டும். மற்றக் கோழிகள் பகலிலேனும் கூட்டை விட்டு வெளியே போகின்றன. அடைக்கோழியோ இரவும் பகலும் அங்கேயே இருப்பதால் செள் முழுவதும் அதனிடமே சேருகிறது. 15-ஆம் நாள் இரவு வேதனை தாங்காமல் அது எழுந்து போய்விட்டால், முட்டைக்குள் வளர்ந்துவந்த கருக்கள் குளிர்ந்து மடிகின்றன. போனது 12 முட்டைகள் மட்டுமா? அப்பெட்டையின் 15 நாள் உழைப்பு, பொரிந்திருக்க வேண்டிய குஞ்சுகள், அவை வளர்ந்து விலையாகியிருக்க வேண்டிய பணம் ஆகிய யாவும் போயின. வீட்டாரோ, முட்டை கூழையானது, பெட்டை ராசியில்லாதது என்று சொல்லி, நல்ல அடைக்கோழியைக் கறிக்கு விற்றுவிடுகிறார்கள். அடுத்த பெட்டையை அதே கூடையில் அடைவைக்கிறார்கள். அதே கதி மறுபடியும் நேரிடுகிறது.

இரை வேளையும் கொத்து வரிசையும்

கோழிகளை நாள்தோறும் ஒருசேரப் பார்ப்பதற்கு இயல்பாக வாய்த்த சமயம் அந்தி இரை போடும் வேளையே. "பா, பா" என்று அழைத்த மாத்திரத்தில் தோப்பிலும் வைக்கோற்போரிலும் திரிந்தவை ஓடிவருகின்றன. பெரும்பாலோர் இரையை இறைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அங்கேயே ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பாராயின், அநேக நஷ்டங்களை முன்னதாகவே அறிந்து தடுக்கலாம்.

கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை முறை உண்டு. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். கடைக்கோழி எல்லாவற்றினிடத்தும் கொத்துப்படும். நார்வே தேசத்தைச் சேர்ந்த ஷெல்டரூப்-எப்பே என்பவர் இளம் பிராயம் முதல் கோழிகளை உற்றுநோக்கி, இதனை 1921-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியாக எழுதினார். நம் வீட்டுப் பெண்டிர் அதை நெடுங்காலமாகவே கண்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் பயன்படுத்திக்கொண்டவர் சிலரே.

இவ்வரிசையால் விளைவது யாதெனில், இரையை ஒரே இடத்தில் குவித்துப் போட்டால் மேல்வரிசைக் கோழிகள் வயிறு புடைக்கத் தின்னும். கடைக்கோழி ஓரத்தில் நின்று வெறுங்கையோடு திரும்பும். மெலிந்த கோழி செள்ளின் வேதனையைத் தாங்காது. வேதனையுற்ற கோழி மேலும் தாழ்ந்து, கொத்துப்பட்டுக் காயமடையும். காயத்தில் சிவப்புக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். இவ்வாறு பட்டினியும் செள்ளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒன்றைத் தடுக்காமல் மற்றொன்றைத் தடுக்க முயல்வது பயன் தராது.

இதற்கு உபாயம் எளிது. இரையைக் குவியலாகப் போடாமல் நாலைந்து பாக இடைவெளியில் மூன்று நான்கு இடங்களில் பரவலாக இறைக்க வேண்டும். மேல்வரிசைக் கோழி ஓரிடத்தைக் காவல் காக்குமேயன்றி நான்கு இடங்களையும் காக்க முடியாது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அழைத்து, ஒரே அளவாகப் போட வேண்டும். நேரந்தவறிப் போட்டால் கோழிகள் நாளெல்லாம் வாசலையே சுற்றிக்கொண்டு, மேய்ச்சலை மறந்து, ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருக்கும். குழந்தைகள் கைவிரலில் இரையைப் பிடித்து ஊட்டும் வழக்கத்தைத் தவிர்ப்பது நலம். கோழி கையைக் கொத்தப் பழகினால், பின்னர் கண்ணையும் முகத்தையும் நோக்கிப் பாயும். குஞ்சுகளுக்கு இரையைப் பஞ்சாரத்தின் உள்ளே வைத்து, குஞ்சு மட்டும் நுழையக்கூடிய சந்து விட்டு, சற்று உயர்த்தி வைத்தால், பெரிய கோழிகள் அதைப் பறிக்கமாட்டா.

ஐந்து நிமிஷத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, எண்ணிக்கை. அழைத்ததும் வராத கோழி எது? இரண்டாவது, வந்தும் தின்னாமல் ஒதுங்கி நிற்பது எது? மூன்றாவது, கொண்டையின் நிறம். நேற்றுச் சிவந்திருந்தது இன்று வெளுத்துள்ளதா? நான்காவது, தின்பதை நிறுத்தி அடிக்கடி திரும்பி எருவாய்ப் பக்கம் கோதிக்கொள்வது எது? ஐந்தாவது, நடை, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பது எது? ஆறாவது, இரை தின்றபின் கூட்டு வாயில் வரை வந்து தயங்கித் திரும்புவது எது?

இங்கே ஓர் எச்சரிக்கை. சந்தேகப்பட்ட கோழியை இரை வேளையிலேயே துரத்திப் பிடிக்கலாகாது. அவ்வாறு செய்தால், அழைக்கும் குரலுக்கும் பிடிபடும் பயத்திற்கும் கோழி முடிச்சுப் போட்டுவிடும். மறுநாள் முதல் எவ்வளவு அழைத்தாலும் வராது. அக்கோழியை மனத்தில் குறித்துக்கொண்டு, இருட்டியபின், அது அடைந்துள்ள இடத்தில் சந்தடியின்றி எடுக்க வேண்டும். இருட்டில் கோழி அமைதியாக இருக்கும்.

எடுத்த கோழியின் மார்பின் மேற்பக்கத்தில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரை கிடைத்த கோழிக்கு அது நிரம்பித் திரண்டிருக்கும்; கிடைக்காததற்கு வெற்றுத் தோலாகத் தொங்கும். பிறகு விளக்கொளியில் எருவாயைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் இறகை எதிர்த்தடவிப் பார்க்க வேண்டும். கருத்த அழுக்கும் ஊரும் துகளும் காணப்பட்டால் உடற்செள். கோழியின் மேல் ஒன்றுமில்லாமல் கொண்டை மட்டும் வெளுத்திருந்தால் கூட்டைச் சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணியொன்றை இரவு எட்டு மணிக்குமேல் கழியின் அடிப்பாகத்தில் அழுத்தித் தேய்த்து எடுத்தால், கூட்டுச்செள் இருக்குமிடத்தில் துணியில் சிவப்புக் கோடு விழும். அட்டைப்பெட்டியின் மடிப்புள்ள துண்டு ஒன்றைக் கழியின் அடியில் கட்டிவைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. செள் அம்மடிப்புகளில் வந்து ஒளிந்திருக்கும். அட்டையை அப்படியே நெருப்பிலிட்டுவிடலாம்.

இரை வேளை ஒழுங்காக அமைவதால் மற்றொரு நன்மையும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயைத் தடுக்க, இரைபோல் ஊட்டக்கூடிய குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் கிராமக் கோழிகளுக்கென்றே உண்டாக்கியுள்ளனர். ஊசி போடக் கோழியைத் துரத்திப் பிடிக்கும் சிரமம் இதனால் நீங்குகிறது. ஆனால் குவியலாகப் போட்டால் மேல்வரிசைக் கோழி இரட்டைப் பங்கு தின்னும். கடைக்கோழிக்கு மருந்தே கிட்டாது. பரவலாக இறைக்கப் பழகிய வீட்டில்தான் இம்மருந்து முழுப் பயன் தரும்.

கூட்டைச் சுத்தி செய்தல்

கூட்டுச்செள்ளுக்குக் கோழிக்கு மட்டும் மருந்திடுவது, திருடன் வீட்டுக்குள் இருக்க வாசலைப் பூட்டுவது போலாகும். முதலில் கூட்டிலுள்ள வைக்கோல், குப்பை, எச்சம் யாவற்றையும் வாரித் தொலைவில் கொளுத்த வேண்டும், எருக்குழியில் போடலாகாது. கழிகளையும் பலகைகளையும் கழற்றிக் கொதிநீர் ஊற்ற வேண்டும். செங்கல், மண் சுவராயின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து, புதிதாக நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாக அடிக்க வேண்டும். ஓலைக்கூரையின் அருகில் தீப்பந்தம் கொண்டுசெல்லுதல் கூடாது.

பிறகு, ஒரு லிட்டர் நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, 30 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயை அதில் ஊற்றி வெண்மையாகும்வரை கலக்கி, கோழிகள் இல்லாத பகல் வேளையில் இடுக்குகளில் எல்லாம் தெளிக்கலாம். கோழி அடைவதற்குள் கூடு உலர்ந்துவிட வேண்டும். உட்காரும் கழியைச் சுவரில் செருகாமல், இரண்டு கால்களின் மேல் தனியாக நிறுத்தி, அக்கால்களை எண்ணெய் விட்ட தகர டப்பாக்களில் வைத்தால், சுவரிலிருந்து செள் ஏறி வரும் வழி அடைபடும்.

இப்பக்கத்துக் குடியானவர்களுக்குச் செலவில்லாத துணை ஒன்று உண்டு. அதுவே கோடை வெயில். தமிழ்நாட்டில் கோடை வெப்பம் மிகுதியாகப் பதிவாகும் இடங்களுள் திருத்தணியும் ஒன்று. 40 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும் நாட்கள் பங்குனிக் கடைசி முதலே வந்துவிடுகின்றன. 45 டிகிரிக்கு மேற்பட்ட சூடு விடாமல் தாக்கினால் செள் மடியும் என்பதைக் கொண்டு, நார்வே முதலிய குளிர்தேசங்களில் கோழிக் கட்டிடங்களைப் பணம் செலவழித்துச் சூடேற்றுகிறார்கள். இங்கே அடைக்கூடை, பஞ்சாரம், பலகை ஆகியவற்றைக் கரும்பாறையின் மேலோ தகரத்தின் மேலோ பரப்பி, காலை முதல் மாலை வரை புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் போதும். நிழல் விழும் மறுபக்கத்தில் செள் தங்கிக்கொள்ளுமாதலால் புரட்டுவதில் சோம்பல் கூடாது.

ஒருமுறை செய்துவிட்டு நின்றுவிடுவதே பலரும் செய்யும் பிழை. வளர்ந்த செள் செத்தாலும் முட்டைகள் தப்பிப் பொரிக்கும். ஆகையால் முதல் நாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள் என மும்முறை செய்து, 21-ஆம் நாள் வெள்ளைத் துணியால் சோதித்துப் பார்த்த பின்னரே கூடு சுத்தியாயிற்று என்று கொள்ளலாம்.

கோழிக்குச் செய்ய வேண்டியவை

கோழி தன் உடலைத் தானே சுத்தி செய்துகொள்ளும் கருவிகள் இரண்டு: அலகும் புழுதியும். அலகின் நுனி வெட்டப்பட்ட கோழிகளின் மேல் உடற்செள் மிகுந்து பெருகுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆதலால் அலகு முறிந்த கோழியையும் கோணல் அலகுள்ள கோழியையும் வாரம் ஒருமுறை கட்டாயம் சோதிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் புழுதி கிடைக்காமற் போவதால் செள்ளும் பேனும் மிகும். மழை படாத தாழ்வாரத்தில் இரண்டடிச் சதுரமும் முக்காலடி ஆழமுமுள்ள பெட்டியோ குழியோ அமைத்து, உலர்ந்த மணலும் சலித்து ஆறிய விறகுச் சாம்பலும் நிரப்பி, இரண்டு கைப்பிடி கந்தகத் தூளைக் கலந்து வைக்க வேண்டும். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய பெட்டியில் புழுதி குளித்த கோழிகளின் மேலிருந்த உடற்செள்ளும் பேனும் ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் ஒழிந்தன. கந்தகமே மிகுந்த பலன் தந்தது. சாம்பல் நனைந்தால் காரமாகித் தோலைப் புண்ணாக்கும். எனவே நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். மேல்வரிசைக் கோழி குழியையும் காவல் காக்குமாதலால், பத்துக் கோழிக்கு இரண்டு குழிகள் அமைப்பது உசிதம். இதில் ஒன்றை மறக்கலாகாது: புழுதிக்குளியல் உடற்செள்ளுக்கே சிறந்த பரிகாரம், பகலில் சுவரில் ஒளியும் கூட்டுச்செள் அதனால் ஒழியாது.

கால்செள்ளுக்கு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலைச் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஈரம் உலர்ந்தபின் கந்தகத் தூள் குழைத்த வாசலைனையோ தேங்காயெண்ணெயையோ செதிலின் இடுக்குகளில் புகும்படி தடவ வேண்டும். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் செய்தால் பழைய செதில் தானே உதிரும். செதிலைப் பிய்த்தெடுக்கலாகாது. கொத்துப்பட்டுக் காயமடைந்த கோழியை ஆறும்வரை தனிப் பஞ்சாரத்தில் வைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசலாம்.

மருந்தைப் பற்றிய எச்சரிக்கை

முற்காலத்தில் டி.டி.டி., பி.எச்.சி. பொடிகளைக் கோழியின் மேலேயே தூவும் வழக்கம் இருந்தது. இந்தியாவில் டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989-ஆம் ஆண்டிலும், பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டிலும் தடுக்கப்பட்டன. எங்கேனும் பழைய பொட்டலம் கிடந்தால் அதைத் தொடவும் கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மீந்ததைக் கூட்டில் தெளிப்பதும் ஆபத்தே. புகையிலைக் கஷாயம் தோல் வழியே ஏறிக் குஞ்சுகளைக் கொல்லும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை அளவறியாமல் கோழிக்குக் கொடுத்தால், அது முட்டையில் பல நாள் தங்கி, அதை உண்ணும் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2017-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் தேசங்களில், கூட்டுச்செள்ளை ஒழிக்கச் சுத்தி செய்யும் மருந்தில் பிப்ரோனில் என்னும் தடுக்கப்பட்ட விஷம் கலக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. விஷம் முட்டையில் கண்டபடியால், பல லட்சம் முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழித்தார்கள். எத்தனையோ பண்ணைகள் மூடப்பட்டன. செள்ளால் நேர்ந்த நஷ்டத்தைவிட மருந்தால் நேர்ந்த நஷ்டம் பன்மடங்காயிற்று. ஆகையால் மேற்சொன்ன முறைகளால் அடங்காத செள்ளுக்கு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் ஒதுக்க வேண்டும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டே உபயோகிக்க வேண்டும்.

எதை இரையாகப் போடலாம்?

கம்பு, கேழ்வரகு, நொய், நறுக்கிய கீரை ஆகியவை நல்லவை. பெரிய கோழி ஒன்றுக்கு ஒரு சிறு பிடிக்கு மேல் வேண்டியதில்லை. மிகுந்தால் மேய்ச்சலுக்குப் போகாது, கொழுத்து முட்டை குறையும். குஞ்சுகளுக்குக் கறையானைப்போல் சிறந்த இரை அரிது. பழம்பானை ஒன்றில் கிழிந்த கோணி, உலர்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, மாலையில் வெளியிடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கறையான் சேர்ந்திருக்கும். உப்பு மிகுந்த ஊறுகாயும் கருவாட்டுத் துண்டும் ஆகா.

நிலக்கடலை விளையும் இப்பகுதியில் பூசணம் பிடித்த கடலையைக் கோழிக்குப் போடுவது வழக்கமாகிவிடக்கூடும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், அவற்றின் தீவனத்தில் சேர்ந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே. அப்லடாக்ஸின் என்னும் விஷம் அறியப்பட்டது அதனாலேயே. மனிதர் தின்னாத கடலை கோழிக்கும் ஆகாது.

முடிவுரை

மேலே கூறியவற்றில் பணச்செலவு மிகச் சொற்பம். வேண்டுவது நாள்தோறும் ஐந்து நிமிஷமும், மூன்று வாரம் விடாமுயற்சியுமே. அடைவைப்பதற்கு முன் கூடையை வெயிலில் காயவைத்துப் புது வைக்கோல் இட்டுக்கொள்வதை மட்டும் ஒரு நியமமாகக் கொண்டாலும், அநேகம் அடைகள் கெடாமல் காக்கப்படும்.

இன்று மாலை இரை போடும்பொழுது, முதலில் ஓடிவரும் கோழியைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், கடைசியில் வருவது எது என்றும் பார்க்க வேண்டும். மரத்தின் மேல் ஏறிக்கொண்ட பெட்டையைக் கல்லெறிந்து இறக்குவதற்கு முன், விளக்கை எடுத்துக்கொண்டு கூட்டை ஒருமுறை சோதிக்க வேண்டும். அங்கே செள் காணப்படின், அப்பெட்டை குற்றவாளியன்று. வீட்டாருக்கு முதலில் சேதி சொன்னதே அதுதான்.